அடியாண்டார் அளந்த தண்ணீர்

ஊரில் பொய் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் தாராளமாக நம்புங்கள். பொய் சொல்ல ஞாபகசக்தி வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். இரண்டுக்கும் இப்போது தட்டுப்பாடு. அவர்கள் காலி செய்த இடத்தில் வேறோர் இனம் சத்தமில்லாமல் குடியேறியிருக்கிறது. இந்த இனத்தைச் சேர்ந்தவர் பொய்யே சொல்லமாட்டார். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் அஞ்சாமல் செய்வார். என்ன, வாயைத் திறப்பதற்கு முன்னால் 'எந்த வருஷத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது?' என்று தமக்குள் ஒரு தரம் கேட்டுக்கொள்வார். என்ன பதில் வரவேண்டுமோ அதற்குத் தோதான வருஷத்தைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அப்புறம்தான் உண்மையைச் சொல்லுவார். இவருக்கு அடியாண்டுக்காரர் என்று பெயர்.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். சட்டைப் பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "தொப்பை போட்டிருச்சே சார்" என்று யாராவது சொன்னால், "முட்டி வலி வந்து படுத்திருந்த வருஷத்தோட பாத்தா இது எவ்வளவோ தேவலை" என்பார். பையன் கணக்கில் தோற்றுவிட்டு வந்தால், "போன தடவை மூணு பாடத்துல போச்சு, இப்ப ஒண்ணுதான்" என்று அக்கம்பக்கத்துக்கு இனிப்புக் கொடுக்கவும் தயங்கமாட்டார். எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினாலோ, "இவங்க வீட்ல ஒரு காலத்துல சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க" என்று ஆரம்பிப்பார். சொன்னதில் ஏதாவது பொய் உண்டா? கிடையாது. காற்றடித்தார்கள்தான்.

பெரும்பாலோருக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. நம் கதாநாயகருக்கோ இதுதான் உத்தியோகம். அவர் நதிகள் துறையின் தலைமை அலுவலகத்தில், இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களை வைத்து ஆற்றங்கரையில் தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று அளந்து சொல்கிறவர். அறைக்கு ஜன்னல் இல்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். திரையில் வெளிச்சம் பட்டால் நிறம் சரியாகத் தெரியாதென்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட அறை அது.

வேலை கடினமானதல்ல என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெள்ளச் சமவெளி என்பது ஆறு நிறைந்த நாளில் கால் நீட்டிக்கொள்ளும் இடம். ஒரு நாள் நீட்டும், மறுநாள் மடக்கிக்கொள்ளும். கயிறு பிடித்து அளக்கிற சமாச்சாரம் இல்லை. மேலேயிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் கருப்பாகத் தெரியும், ஏனென்றால் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். படம் முழுக்கச் சின்னச்சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மழைக்காலத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கணினி எண்ணிக் கொடுக்கும். மேகம் மறைத்த நாளைக் கழிக்கவேண்டும், கட்டட நிழலைத் தண்ணீர் என்று ஏமாறாமல் இருக்கவேண்டும், ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் புல்வெளி என்று எழுதிவிடாமல் பார்க்கவேண்டும். இதிலெல்லாம் நம்மவர் புலி. ஒரு கட்டம் பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு சுத்தமாக எண்ணி முடித்த பிறகுதான் அந்தக் கடைசிக் காரியம் வருகிறது. தண்ணீர் கூடியது குறைந்தது என்று சொல்ல, எதைவிட என்று ஒன்று வேண்டுமல்லவா? அதற்கு ஒரு பழைய ஆண்டை அடியில் வைக்கவேண்டும். அந்த ஆண்டைவிட அதிக நாள் தண்ணீர் நின்ற கட்டங்களுக்கு நீலம், குறைந்த நாள் நின்ற கட்டங்களுக்குப் பழுப்பு. அடியில் வைக்கும் ஆண்டுக்கு அடியாண்டு என்று அவர்தான் பெயர் வைத்தார். அவருக்கு அடியாண்டார் என்று அலுவலகம் பெயர் வைத்தது. கூப்பிட்டால் கௌரவமாகவே திரும்பிப் பார்ப்பார்.

ஆண்டுகள் அவருக்குச் சட்டை மாதிரி. கல்யாணத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. பெருவெள்ள ஆண்டு என்று ஒன்று வைத்திருந்தார். ஆற்றோரம் பஸ் போகிற சாலையில் படகு போன ஆண்டு. அதை அடியில் வைத்தால் எந்தப் படமும் பழுப்பாகிவிடும். பெருவறட்சி ஆண்டு என்று இன்னொன்று. ஆற்றின் நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய ஆண்டு. அதை வைத்தால் ஒரு குடம் தண்ணீரும் நீலமாய்ப் பொங்கிவிடும்.

துறையின் இயக்குநர் அம்மாள் இந்த நுட்பத்தை வந்த முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டார்.

"சார், மேல்கரைத் தோட்டத்துக்காரங்க தண்ணி பத்தலைன்னு மனு கொடுத்திருக்காங்க. பத்துதுன்னு காட்டணும்."

"வறட்சி ஆண்டு வச்சிடலாம் மேடம்."

"கீழ்க்கரையில ஏரி நிறைஞ்சு வழியுதுன்னு ஒரு பத்திரிகையில போட்டிருக்கான்."

"வெள்ள ஆண்டு மேடம். சாயங்காலம் கொடுத்துடறேன்."

"தப்பா எதுவும் போட்டுடாதீங்க."

"ஒரு கட்டம்கூடத் தப்பா இருக்காது மேடம்."

இருக்காது. அதுதான் அவருடைய பெருமை.

உத்தியோகத்தை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். அடியாண்டார் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வீட்டுக்குக் கொண்டுவருவார். வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு கூடம், காலையில் மகளும் அவரும் முறைபோட்டுக்கொள்ளும் ஒரே குளியலறை. மின்கட்டணம் எகிறினால், "புது ஃபிரிட்ஜ் வந்த வருஷத்தோட பாரு" என்பார். மனைவி முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அவளுக்குக் காது வலி வந்து வாயே திறக்காமல் கிடந்த ஆண்டை நினைத்துப் பார்த்து, இந்த வாரம் அவள் கலகலப்பாகத்தான் இருக்கிறாள் என்று முடிவுகட்டி நிம்மதியாகத் தூங்குவார். மனைவி தையல் வகுப்பு நடத்துகிறவள். அளவு எடுக்கிற வேலை அவளுக்கும் தெரியும் என்பதை அடியாண்டார் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

இனி மாமனாருக்கு வருவோம்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நாற்பது பேர் ஏறக்கூடிய வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றி, "உள்ள எடம் நெறைய இருக்கு, உள்ள போ, உள்ள போ" என்று காலமெல்லாம் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கிற தொண்டை. ஆறு வளைகிற இடத்தில், சமவெளியில், தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தார். மாடிப்படி கிடையாது. மொட்டை மாடிக்கு ஏற ஒரு மர ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார். மழைக்காலம் தவறாமல் தண்ணீர் வரும். வாசல்வரை வந்தால் நாற்காலியை எடுத்து உள்ளே போடுவார், உள்ளே வந்தால் ஏணியில் ஏறுவார். அவருக்கு அது ஒரு ஸ்டாப்பிலிருந்து இன்னொரு ஸ்டாப்புக்குப் போகிற மாதிரி.

போன மழைக்காலத்தில் அவர் ஏணியில் ஏறினார், இறங்க முடியவில்லை. இரண்டு நாள் மொட்டை மாடியில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில், அணைந்துபோன கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளும் இங்கே மூன்றாவது மாடியில் அடியாண்டாரின் மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள், அணைப்பாள், கைபேசியை எடுப்பாள், வைப்பாள். அவள் அழவில்லை. ஆனால் வகுப்புக்கு வந்த பெண்ணின் ரவிக்கைக்குக் கை இரண்டையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அவ்வளவு பயந்துபோயிருந்தாள்.

அடியாண்டாரும் பயந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அதில் ஒரு நாள் பிற்பகல் முழுக்க ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு படத்தையும் திறந்து திறந்து பார்த்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று மேகம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற செயற்கைக்கோளுக்கு அந்தப் பக்கம் வர இன்னும் முறை வரவில்லை. எந்த ஆண்டோடும் ஒப்பிடாமல் அவர் ஒரு படத்தை வெறித்துப் பார்த்தது தம் உத்தியோக வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். மேகம் விலகினால் போதும், மாமா இருந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மாமா இருந்தார். தண்ணீர் வடிந்தது. மனைவி பேச்சைத் தொடங்கினாள்.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துடலாங்க. இன்னொரு மழைய என்னால தாங்க முடியாது."

மறுப்புச் சொல்ல அடியாண்டாருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் இருந்தது, சொல்லத்தான் முடியாது. கூடத்தில் அவர் சாய்ந்து உட்காருகிற அந்த ஒரே நாற்காலி. காலையில் குளியலறை முறை. அப்புறம் அந்தத் தொண்டை. கண்டக்டர் வீட்டுக்குள் பேசினால் அது கூட்டமாகிவிடும். ஆகவே அவர் தமக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது ஒரு பெரிய படம் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். பெருவெள்ள ஆண்டு அடியில், போன மழைக்காலம் மேலே. ஆற்று வளைவு முழுக்கப் பழுப்பு. விரித்த மாத்திரத்தில் கூடமே காய்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"இங்க பாரு. அப்பா வீட்டுப் பக்கம் தண்ணி நிக்கிற நாள் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாத்தியா? பழுப்பு எல்லாம் குறைஞ்ச எடம்."

மனைவி குனிந்து பார்த்தாள். துணி விரித்தால் பார்ப்பாளே, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், அப்படிப் பார்த்தாள்.

"போன மழையில அப்பா மொட்டை மாடியில இருந்தாரே?"

"இருந்தாரு. ஆனா பெருவெள்ள வருஷத்துல மொட்டை மாடியே தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு. அந்த வருஷத்தோட பாத்தா, மாமாவுக்கு உக்காரவாவது ஒரு மொட்டை மாடி இருந்துச்சில்ல?"

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காது வலி ஆண்டோடு ஒப்பிட்டால் அதுவும் பேச்சுதான் என்று அடியாண்டார் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் மாமனார் வீட்டுக்குப் போயிற்று. அங்கே அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. ஏனென்றால் மாமனாருக்கும் மகள் வீட்டுக்கு வர இஷ்டமில்லை. மூன்றாவது மாடியில் உட்கார்ந்து யாரைப் பார்ப்பது, யாரைக் கூப்பிட்டுப் பேசுவது?

"இதுல என் வீடு எங்க மாப்பிள்ளை?"

"இதோ, இந்தக் கட்டத்துக்குள்ள அடங்கிடும் மாமா."

"மொத்த வீடுமா? கிணறு?"

"கிணறும்தான்."

தம் வீட்டைக் கடுகளவு ஆக்கிவிட்டார்களே என்று மாமனாருக்கு மனத்தாங்கல். ஆனாலும் பழுப்பு என்றால் நல்லது என்று தெரிந்ததும் தேறிக்கொண்டார். "பாத்தியா கண்ணு? மாப்பிள்ளையே சொல்லிட்டாரு. வானத்துல இருந்தே பாத்திருக்காங்க. உனக்கென்ன பயம்?" என்று மகளைப் பார்த்துத் தெருவுக்கே சொன்னார். படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் மேலே, போன மழைக்காலத்துத் தண்ணீர் நின்று வடிந்த கறை சுவர் முழுக்க ஓடியது. மாமனும் மருமகனும் அந்தக் கறைக்குக் கீழே நின்று சந்தோஷமாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

இங்கே கதையை முடித்திருந்தால் அடியாண்டாருக்கு நல்லதாகப் போயிருக்கும். இயக்குநர் அம்மாள் விடவில்லை.

"சார், ஆத்து வளைவுல உயரமா ஒரு கரை கட்டப் போறோம். தண்ணி வருஷத்துக்கு வருஷம் ஏறுதுன்னு படம் வேணும்."

"எந்த வளைவு மேடம்?"

சொன்னார். அதே வளைவு.

அடியாண்டாருக்கு ஒரு நிமிஷமாவது உறுத்தியிருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். நினைக்காதீர்கள். அவருக்கு அது வேறு கேள்வி, இது வேறு கேள்வி. பெருவறட்சி ஆண்டை எடுத்து அடியில் வைத்தார், அதே போன மழைக்காலத்தை மேலே வைத்தார், வளைவு பூராவும் நீலமாய்ப் பொங்கிற்று. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தரம் சரிபார்த்தார். மாமனார் வீடு அடங்கிய கட்டம் கொஞ்சம் கூடுதலாகவே நீலமாக இருந்தது. நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டார்.

கரை கட்டுவதென்றால் கரையோரத்துச் சனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கவேண்டும் என்று விதி. கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, கரகரக்கிற ஒலிபெருக்கி, மேஜைமேல் தண்ணீர் பாட்டில்கள், பெரிய திரை. படம் காட்டுகிற கருவிக்குப் பக்கத்தில் இருட்டில் அடியாண்டார். எந்த வீட்டுக்கெல்லாம் அழைப்பு போயிற்று என்று பார்ப்பது அவர் வேலையில்லை, பார்க்கவுமில்லை. இயக்குநர் அம்மாள் பேசி முடித்து, "இப்ப படத்தப் பாருங்க" என்றார். திரை நீலமாயிற்று. கூட்டம் மூச்சை உள்ளுக்கிழுத்தது. அந்த அமைதியில், நாற்பது வருஷம் இஞ்சின் சத்தத்தையே ஜெயித்த ஒரு தொண்டை கடைசி வரிசையிலிருந்து கிளம்பியது.

"மாப்பிள்ளை!"

அடியாண்டார் கருவிக்குப் பின்னால் குனிந்து ஒளியப் பார்த்தார். அவ்வளவு பெரிய கருவி இல்லை அது.

"மாப்பிள்ளை, உங்களத்தான்! என் வீட்டுச் சுவத்துல நான் ஒட்டுன உங்க படத்துல என் கட்டம் பழுப்பா இருக்கு. இங்க நீலமா இருக்கே? எது என் வீடு?"

இயக்குநர் அம்மாள் திரும்பினார். கூட்டமே திரும்பியது. மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பதை அடியாண்டார் அப்போதுதான் பார்த்தார். எழுந்தார்.

"ரெண்டும் சரிதான் மாமா."

"எப்படி?"

"அது வெள்ள வருஷத்தோட பாத்தது. இது வறட்சி வருஷத்தோட பாத்தது. அடியாண்டு வேற."

முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "அண்ணே, எனக்கு அதெல்லாம் வெளங்கல. வர்ற மழைக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க."

அடியாண்டார் வாயைத் திறந்தார். "அது நீங்க எந்த வருஷத்தோட ஒப்பிடறீங்கங்கறதப் பொறுத்து…" என்றார். அவ்வளவு நேர்மையான பதிலுக்கு அந்த மண்டபம் தயாராக இருக்கவில்லை. நாற்காலிகள் தள்ளப்பட்டன. யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தார்கள். மூடி போட்டிருந்ததால் சேதமில்லை. கருத்துக்கேட்பு மறுதேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது.

வாசலில் மனைவி தன் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"வீட்டப் பூட்டிட்டு வாங்கப்பா. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"இல்ல கண்ணு, எந்தப் படம் நெஜம்னு மொதல்ல…"

"ரெண்டும் நெஜம்னு அவரே சொல்லிட்டாரு. அந்த நீலம் நெஜமா இருந்தாலே போதும், எனக்குத் தூக்கம் வராது. கிளம்புங்க."

கண்டக்டர் தம் வீட்டுக்குப் போனார். பூட்டினார். வந்தார். வரும்போது ஏணியையும் கொண்டுவந்தார்.

"மூணாவது மாடியில ஏணி எதுக்கு மாமா?"

"தண்ணி வந்தா ஏறணுமே மாப்பிள்ளை."

ஏணி எந்த அறையிலும் அடங்கவில்லை. கூடத்தில் கோணல்மாணலாகப் படுத்தது. அடியாண்டார் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அதில் கால் இடறினார். சாய்வு நாற்காலியில் மாமனார் இருந்தார். "அங்கயே நிக்காதீங்க மாப்பிள்ளை, உள்ள எடம் நெறைய இருக்கு, உள்ள தள்ளி உக்காருங்க" என்று அவருடைய வீட்டிலேயே அவருக்கு இடம் காட்டினார். பேத்தி குளியலறைக்குள் போனால் கதவைத் தட்டி, "எறங்கறவங்க எறங்கலாம்!" என்று குரல் கொடுத்தார். அடியாண்டார் ஆற அமர யோசித்து, கல்யாணமான புதிதில் உறவுக்காரர் ஏழு பேர் வந்து தங்கிய மாதத்தைக் கண்டுபிடித்தார். அதோடு பார்த்தால் வீடு காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை என்னவோ அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மழை வரவில்லை.

நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வானத்தைப் பார்த்து ஊரே கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. சொட்டு இல்லை. ஆறு நூலாக இளைத்தது. மாமனார் பால்கனியில் நின்று, "இதுக்கா என்னக் கூட்டிட்டு வந்தே? மேகமே இல்லியே" என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு நாள் தம் டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கி வைத்தார். அதைப் பார்த்த அடியாண்டாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்கு ஓடினார். மேகமில்லாத பருவம், ஒரு படம்கூடக் கழிக்கவேண்டியதில்லை. தம் உத்தியோக வாழ்க்கையின் மிகச் சிறந்த வரைபடத்தை அன்று செய்தார். எந்த ஆண்டை அடியில் வைத்தாலும் பழுப்பு. பெருவெள்ள ஆண்டை வைத்தாலும் பழுப்பு, பெருவறட்சி ஆண்டையே வைத்தாலும் பழுப்பு. இப்படியொரு படம் வாழ்நாளில் ஒரு தரம்தான் வாய்க்கும். தந்திரமே தேவைப்படாத உண்மை.

சாயங்காலம் ஏணியைத் தாண்டி, இடறாமல் தாண்டி, மடிக்கணினியைக் கூடத்தில் திறந்தார்.

"மாமா, நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போலாம். எந்த வருஷத்தோட வேணா ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு கட்டம் நீலம் கிடையாது."

மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மனைவி கையிலிருந்த ரவிக்கையை மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து குனிந்தாள். ஓரத்திலிருந்து ஓரம்.

"இதுக்கு முன்னாடி இவ்வளவு காய்ஞ்ச வருஷம் இருக்காங்க?"

"படம் எடுக்க ஆரம்பிச்ச நாள்லருந்தே கிடையாது!" என்றார் அடியாண்டார், ஏதோ தாமே காயவைத்த மாதிரி.

"நிச்சயமா?"

"ஒரு கட்டம்கூடத் தப்பு இருக்காது."

"அப்ப இதையே அடியாண்டா வச்சுக்கலாம்" என்றாள் மனைவி.

அடியாண்டார் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"புரியல."

"இனிமே வர்ற வருஷத்தையெல்லாம் இந்த வருஷத்தோடதான் ஒப்பிடணும். இதுக்குக் கீழ போக எடமே இல்ல. அப்ப அடுத்த வருஷம் தண்ணி கூடத்தான் செய்யும். அதுக்கடுத்த வருஷமும் இதவிடக் கூடத்தான் இருக்கும். எப்பப் பாத்தாலும் நீலம்தான். நீலமா இருக்கிற எடத்துல வயசான மனுஷன எப்படிங்க தனியா விடறது?"

அடியாண்டார் வாயைத் திறந்தார். ஆண்டுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டினார். இத்தனை வருஷ சேமிப்பில் ஒரே ஓர் ஆண்டு, இதற்குப் பதிலாகச் சொல்ல ஒரே ஓர் ஆண்டு அகப்படுமா என்று தேடினார். அகப்படவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் அவரை அடித்துப்போட்டது. எதிரே திரையில் வளைவு பழுப்பாகக் கிடந்தது. அவருக்கு என்னவோ அந்தப் பிற்பகல் ஞாபகம் வந்தது, வெள்ளை வெளேரென்று மேகமும், மாமா இருந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொன்னதும். மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

மாமனார் தம் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் ரவிக்கையை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நூல் கோக்காத வெறும் ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். கிழவர் அதைக் கவனித்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நான் எறங்க வேண்டிய ஸ்டாப்பு தாண்டிருச்சு கண்ணு. விடு."

பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து வைத்தார். அடியாண்டார் எழுந்து அதற்கு ஓர் அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுத்தார். போகும்போது ஏணியில் இடறினார்.

இப்போது அவர் வீட்டில் ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆபீசில் பேசுகிறார், சம்பளம் அதற்குத்தானே. கருத்துக்கேட்புக்கு மறுதேதி குறித்தாகிவிட்டது. கைக்குழந்தைக்காரப் பெண்ணின் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தயாராகவில்லை. அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது.

சரி, நம் அடியாண்டாரை இத்தோடு விட்டுவிடுவோம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று "அப்படியொண்ணும் மோசமில்ல" என்று சொல்லிக்கொண்டீர்களே, எந்த ஆண்டை வைத்துக்கொண்டு? அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டவரிடம் "முன்னைக்கு இப்ப தேவலை" என்று சொல்லிவிட்டு நேரில் போய்ப் பார்ப்பதை இன்னொரு மாதம் தள்ளிப்போட்டீர்களே, எந்த முன்னைக்கு? பதில் சொல்லவேண்டாம், உங்கள் சௌகரியம். ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு, "இந்த ஆள் முன்னெல்லாம் நல்லா எழுதுவான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு மட்டும் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.